நான் குடித்த நாலு கை உப்பு

நான் சாவதற்காகக் குடிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் இதைக் கேட்பவர்கள் "ஆமாமா, தெரியும்" என்று தலையாட்டிவிட்டு, கண்ணால் வேறொன்று சொல்கிறார்கள். நீங்கள் வெளியூர்க்காரர்கள். நீங்களாவது முழுக்கக் கேளுங்கள்.

இப்போது என் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. கஞ்சி தாராளமாக இறங்குகிறது. சோறு இன்னும் யோசித்து யோசித்துத்தான் போகிறது.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வரும் கூட்டத்துக்காகப் பாம்பனில் ஒரு சுகாதார முகாம் போட்டிருந்தார்கள். புகுமுக வகுப்பு தேறியவன் என்பதால் எனக்கு அங்கே பத்து நாள் வேலை கிடைத்தது. கருவாட்டு வாடைக்கு நடுவே குவளை கழுவுவதும், தடுப்பூசி போடுகிறவருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. அந்தத் தண்ணீரில் கலக்க ஒரு தகரத்தில் மருந்து வந்திருந்தது. லேசான மஞ்சள் நிறம், கொஞ்சம் வழவழப்பு, அப்படி ஒரு வாடையும் கிடையாது. சில சொட்டு விட்டால் வாளித் தண்ணீர் சோப்புத் தண்ணீராக நுரைக்கும். கிருமி சாகும். பெயர் செட்ரிமைடு. குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு என்ற வகை.

எனக்குப் புதிதாக ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. தகரத்தோடு வந்த துண்டுத்தாளை வாங்கி, முன்பக்கத்தை நின்றபடியே படித்து முடித்தேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. எப்படி உபயோகிப்பது என்பது முன்பக்கத்தில் இருந்தது. எப்படி உபயோகிக்கக் கூடாது என்பது பின்பக்கத்தில் இருந்ததாம். முகாம் முடிந்த அன்று கம்பவுண்டர் கையைக் காலைப் பிடித்து, கலக்காத மருந்தில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன். அது காலியான இருமல் மருந்துப் பாட்டில். வேறு மருந்தின் பெயர் எதற்கு என்று அதன் சீட்டை ஊறவைத்து உரித்தும் போட்டேன். பாட்டில் பளிச்சென்று இருந்தது. அது என்ன என்று சொல்ல அதன் மேல் ஒரு எழுத்து இல்லை.

எங்கள் ஊர் திருவாடானைக்கும் கடலுக்கும் இடையில், வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். அய்யாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் சேதுதான் என்னை வளர்த்துப் படிக்க வைத்தான். அண்ணன் மனைவி பாண்டியம்மாள், என் மதினி. அந்த ஆவணியில் வீட்டில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடமில்லை என்று கடிதம் வந்திருந்தது. அன்று நான் சாப்பிடாமல் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தேடி வந்து கூட்டிப்போனான். மற்றொன்று, உழவு நேரத்தில் மயிலைக் காளைக்கு நுகத்தடி அழுத்திக் கழுத்தில் புண். புழு வைத்துவிட்டது.

முதல் சங்கடத்தை நான் இரண்டாவதில் மறந்தேன். இது சத்தியம். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். பார்சோப்புப் போட்டுப் புண்ணை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு எங்கள் கிணற்று உப்புத்தண்ணீரில் சில சொட்டு மருந்தைக் கலந்து ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் புழு அப்படியே நெளிகிறது.

ஏன் என்று இப்போது தெரியும். இந்த உப்பு சோப்பைப் போல நுரைத்தாலும் சோப்புக்குப் பகை. ஒன்றுக்கு நேர்மின், மற்றதற்கு எதிர்மின். இரண்டும் கட்டிப்பிடித்துத் திரண்டு, இரண்டுமே வேலைக்கு ஆகாமல் போகும். சீழும் அழுக்கும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் மிச்ச வீரியமும் போய்விடும். அதனால் சோப்புப் போட்ட இடத்தை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், 'காட்டம் பத்தவில்லை' என்பதுதான். ஆகவே மறுநாள் பித்தளைச் செம்பு ஒன்றில் பாட்டிலைப் பெரும்பாலும் கவிழ்த்து, கொஞ்சம்போலத் தண்ணீர் விட்டேன். காற்றில் தூசி பறந்துகொண்டிருந்தது. செம்பின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி, மாட்டுத் தொட்டி விளிம்பில் வைத்தேன்.

அந்தத் தட்டுதான் என்னைக் கொன்றிருக்கும். எங்கள் பக்கம் ஊருணித் தண்ணீர் அருமையான பொருள். செம்பைத் தட்டால் மூடி வைத்திருந்தால் அது குடிதண்ணீர்; கேட்கவே வேண்டாம். கழுவுகிற தண்ணீரை எவரும் மூடுவதில்லை.

மதினி எனக்குக் குடிக்கக் கொண்டுவந்த செம்பும் அதே மாதிரி தட்டு மூடியது. அதையும் தொட்டி விளிம்பிலேயே வைத்தாள்.

"என்ன கொழுந்தனாரே, மாட்டுக்கு வைத்தியமா, மாட்ட வச்சு ஒமக்கு வைத்தியமா?"

"சிரிங்க மதினி. இது என்ன தெரியுமா? ஈயம் பூசுறவன் வச்சிருப்பான்ல நவச்சாரம், அதுக்குத் தங்கச்சி. நவச்சாரத்துல நடுவுல ஒருத்தன் இருக்கான், நைட்ரஜன்னு பேரு. அவனுக்கு நாலு கை. நாலு கையிலயும் ஹைட்ரஜன்னு பொடிப்பயலுக தொங்குவானுக. இதுல பொடிப்பயலுகள எறக்கிவிட்டுட்டு, நாலு கையிலயும் கரிச் சங்கிலி. அதுல ஒண்ணு வால் மாதிரி நீளம்."

"நாலு கையி, ஒரு வாலு. அனுமாரா, காளியாத்தாளான்னு முடிவு பண்ணிச் சொல்லும்."

நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் செம்பைப் பார்க்கவில்லை. எங்களுக்கு உதட்டில் வைத்துக் குடிக்கும் பழக்கமில்லை. அண்ணாந்து ஊற்றினால் தண்ணீர் நாக்கைத் தொடாமல் நேரே தொண்டைக்குப் போகும். இரண்டு மடக்கு போனபிறகுதான் நாக்கின் வேர் கசந்தது. முதலில் சீயக்காய்க் கரைசல் போல ஒரு வழவழப்பு. அடுத்து வேப்பெண்ணெயை மிஞ்சிய கசப்பு. அதற்கடுத்து நெஞ்சுவரை நெருப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பால் வேண்டும், முட்டை வெள்ளைக்கரு வேண்டும். வாந்தி எடுக்கக் கூடாது. எடுத்தால் எரித்த வழியையே மறுபடி எரித்துக்கொண்டு வரும், நுரை மூச்சுக்குழாயில் போகும். பாட்டில் கொடுத்தபோது கம்பவுண்டர் போகிற போக்கில் சொன்னது அத்தனையும் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லத்தான் குரல் இல்லை. வாயைத் திறந்தால் நுரைதான் வந்தது.

மதினி போட்ட கூச்சலில் அண்ணன் ஓடிவந்தான். வாயில் நுரை, பக்கத்தில் பெயரில்லாத பாட்டில், வீட்டில் கல்லூரிக் கடிதம். அவன் மூன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டான்.

"ஏலே ராசு! என்னலே பண்ணிட்ட? அடியே, உப்பக் கரைச்சுக் கொண்டா!"

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"பாத்தியா, பொழைக்க மாட்டேங்குறான்!" என்று அழுதுகொண்டே என் தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினான். வாந்தி எடுத்தேன். நெருப்பு இரண்டாம் முறை போய்வந்தது.

பிறகு அவன் செய்ததைச் சாகும்வரை மறக்க மாட்டேன். பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் எருக்குழியில் ஆழத் தோண்டிப் புதைத்தான். செம்பைச் சாம்பல் போட்டுத் துலக்கினான். "யாரு கேட்டாலும் வயித்துவலி. மூச்சு விடக் கூடாது, ஆமா" என்று மதினியிடம் சொன்னான். சாக முயன்றால் பிழைத்தவன் மேல் கேஸ் வரும் என்பது அவனுக்குத் தெரியும். என்னைப் போலீசிடமிருந்து காப்பாற்றினான். டாக்டரிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டான்.

ரோடு வரை வண்டி. அங்கே, சாயல்குடிப் பக்கமிருந்து உப்பு மூட்டை ஏற்றி வந்த லாரி. லாரியில் போகும்போதுதான் இரண்டாவது கொடுமை ஆரம்பித்தது. கழுத்து நிற்கவில்லை. மதினி மடியில் தலை உருண்டது. கையைத் தூக்க நினைத்தேன். நினைப்பு தூக்கியது, கை தூக்கவில்லை. கண், காது, புத்தி மூன்றும் தெளிவாக இருந்தன. மற்றதெல்லாம் நனைந்த துணி.

டவுன் ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்க ஆட்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். டாக்டருக்கு நடு வயது. டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"என்ன குடிச்சான்?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. வயித்து வலி. ராத்திரி கருவாடு தின்னான்."

"கருவாடு நுரை தள்ளுமா?"

அண்ணன் துண்டால் என் வாயைத் துடைத்தான்.

"உதட்டுல ஒரு பொட்டுக் காயமில்ல. உள்ள தொண்டை வெந்திருக்கு. திராவகம்னா உதடும் தாடையும்ல மொதல்ல போகும்?" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். என் கண்ணிமையை விலக்கினார். பூச்சிமருந்தாக இருந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்குமாம். எனக்குச் சுருங்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நான் போலீஸ் இல்ல. பேரச் சொன்னாத்தான் மருந்து."

"கருவாடுதாங்கய்யா."

என் தலைக்கு மேலே நடந்த இந்தப் பேச்சை நான் மல்லாந்து கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் என் வாய்க்குள் இருந்தது. ஐந்தெழுத்துப் பெயர். அதைச் சொல்ல நாக்கு அசையவில்லை; எழுத விரல் அசையவில்லை. பாம்பன் பாலத்தில் நடுவழியில் நின்றுபோன ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தேன். இறங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

சிஸ்டர் ஒரு ரப்பர்க் குழாயும் புனலும் கொண்டுவந்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கிற ஏற்பாடு. உள்ளே வெந்து கூழாகியிருக்கிற குழலில் அது குத்தினால் கிழியும்.

கதவருகே நின்ற மதினி உள்ளே வந்துவிட்டாள்.

"டாக்டரய்யா, கருவாடு இல்ல. புண்ணு கழுவுற மருந்து. தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டாரு."

"ஏ, வாய மூடு!" என்றான் அண்ணன்.

"மூட மாட்டேன். தண்ணிச் செம்ப அங்கன கொண்டுபோய் வச்சது நானு. இவரு போயிட்டா நெனச்சு நெனச்சு நாந்தான சாகணும்? நீங்களா?"

டாக்டர் கையைக் காட்டி அண்ணனை நிறுத்தினார். "என்ன மருந்தும்மா?"

"பேரு வாயில வரலீங்கய்யா. நவச்சாரத்துக்குத் தங்கச்சின்னாரு. நடுவுல ஒருத்தன் இருப்பானாம், அவனுக்கு நாலு கையாம். நாலுலயும் கரிச் சங்கிலியாம். ஒண்ணு மட்டும் வாலு மாதிரி நீளமாம். தண்ணியில விட்டாச் சோப்பு மாதிரி நுரைக்கும். பாம்பன் முகாம்ல குடுத்தது."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, "சிஸ்டர், அந்தக் குழாயக் கீழ வைங்க," என்றார். மதினியிடம், "எத்தனாங் கிளாஸ்மா படிச்சே?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. மாட்டுத்தொழுவத்துல படிச்சது."

நான் சிரிக்க ஆசைப்பட்டேன். அதற்கும் தசை வேண்டுமே.

ஒரு கரண்டி பாலில் வெள்ளைக்கருவை அடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அது மூக்கு வழியாக வந்தது. விழுங்கும் தசையும் படுத்துவிட்டதால் அதையும் நிறுத்தினார்கள். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள். மூக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் வந்தது. டாக்டர் என் காதருகே குனிந்து பேசினார். நான் கேட்கிறேன் என்று கண்டுகொண்ட முதல் ஆள் அவர்தான்.

"நரம்பு தசைக்கு ஒரு தூதனை அனுப்பித்தான் வேலை சொல்லும். அந்தத் தூதனும் இதே நாலு கை ஜாதி. அவன் உட்கார வேண்டிய நாற்காலியில நீ குடிச்சது போய் உட்கார்ந்துக்கிச்சு. அதான் கை கால் கேக்கல. கொஞ்சம் கொஞ்சமா அது எழுந்து போயிடும். இதுக்கு மாற்று மருந்து கிடையாது. நெஞ்சுத் தசை மட்டும் நிக்காமப் பாத்துக்கணும்."

மாற்று மருந்து கிடையாது என்ற மூன்று சொல்லைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று என்னால் எழுதிக்காட்ட முடியவில்லை.

அண்ணனை என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து உட்காரச் சொன்னார்கள். ஏறி இறங்குவது குறைந்தால் சத்தம் போட வேண்டும். சிஸ்டர் ரப்பர்ப் பை ஒன்றை மூக்கில் வைத்து அழுத்திக் காற்று கொடுப்பார். ஏர்க்காம்பு பிடித்துக் காய்ப்பேறிய கை அது. சாயங்காலம் ஆரம்பித்து விடியும்வரை எடுக்கவில்லை. எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தான்.

"டாக்டராகலேன்னா என்னலே? ஊருல எவன் டாக்டராயிட்டான்? எங்கூட வந்து ஏர் புடி. புடிக்காட்டியும் போ, சும்மா கெட. உனக்கு என்ன கொற வச்சேன், சொல்லு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அப்படியில்லை அண்ணே, செம்பு மாறிவிட்டது அண்ணே என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவனுடைய கைக்கு என் மூச்சு தெரிந்தது. கத்தல் தெரியவில்லை.

காலையில் இடது கால் பெருவிரல் அசைந்தது. மதினிதான் பார்த்தாள். "அனுமாரு வாலச் சுருட்டிக்கிட்டு எறங்குறாரு," என்றாள். சிஸ்டருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தார். மத்தியானத்துக்குள் கை வந்தது. கழுத்து அதற்கடுத்த நாள். குரல் வரவில்லை, தொண்டை முழுக்கப் புண்.

பன்னிரண்டு நாள் இருந்தேன். விழுங்கும் தசை தெளிந்ததும் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அதில் பாலும் கஞ்சித்தெளிவும் ஊற்றினார்கள். ருசி இல்லாமல் வயிறு மட்டும் நிறைவது விசித்திரமான அனுபவம். எச்சில் விழுங்குவதற்கு முன் மூன்று தடவை யோசிப்பேன். மதினி சிலேட்டு ஒன்று வாங்கிவந்தாள். அதில் நான் முதலில் எழுதியது, "தவறுதலாக". அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர் வாசித்துக் காட்டினார். அண்ணன் சிலேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிலே," என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார். டாக்டர் விபத்து என்று எழுதியிருந்தார். ஏட்டுக்குப் பாட்டில் வேண்டும்.

"எங்கய்யா பாட்டிலு?"

"எருக்குழியிலங்க."

"எருக்குழியில எப்படிப் போச்சு? நடந்தா போச்சு?"

"புதைச்சேங்க."

"தவறுதலாக் குடிச்சவன் பாட்டிலை எதுக்குய்யா புதைக்கணும்?"

நான் சிலேட்டில் கிறுக்கிக் கிறுக்கிக் காட்டினேன். மதினி இரண்டு செம்பையும் இரண்டு தட்டையும் வைத்துத் தரையில் நடித்தே காட்டினாள். கடைசியில் ஏட்டு எழுதிக்கொண்டு போனார். என்னை மறைக்கப் புதைத்த பாட்டில், என் மேல் சந்தேகத்தைத் தோண்டி எடுத்ததுதான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், எருவிலும் குப்பையிலும் அந்த உப்பு வீரியம் இழந்துவிடும். மருந்தை ஒழிப்பதற்கு அண்ணன் தெரியாமலே பார்த்த இடம் அவ்வளவு மோசமில்லை.

டாக்டர் ஓய்ந்த நேரங்களில் என் கட்டிலுக்கு வந்து, துண்டுத்தாளின் பின்பக்கத்தை எனக்கு வாயால் சொன்னார். கலக்காத சரக்கைத் தின்னும் பாத்திரம், குடிக்கும் பாத்திரம், பழைய மருந்துப் பாட்டில் எதிலும் ஊற்றக் கூடாது. வந்த தகரத்திலேயே, பெயர்ச் சீட்டோடு, பூட்டி வைக்க வேண்டும். வேண்டியதை வேண்டியபோது அளந்து கலக்கி, மிச்சத்தை அன்றே கொட்டிவிட வேண்டும். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கண்ணில் பட்டால் இன்னும் அதிக நேரம். கலக்கியது சாது, கலக்காதது பிசாசு என்றார். "காட்டத்தைக் கூட்டினா நல்லதுன்னு நினைக்கிறது வாலிபப் புத்தி," என்றும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு படம் எடுத்தார்கள். பேரியம் என்ற சுண்ணாம்புக்கூழ் போன்ற வெள்ளைத் தண்ணீரை விழுங்கச் சொல்லி, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்ப்பது. பாதி வழியில் அது தயங்கி, நூலாக மெலிந்து, பிறகு இறங்கியது. புண் ஆறுகிற இடத்தில் தழும்பு இழுத்து உணவுக்குழல் குறுகுகிறதாம். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய், ரப்பர்க் கோல் விட்டு விரித்துக்கொள்ள வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்டேன். டாக்டர் தோளைத் தட்டினார்; எண் சொல்லவில்லை.

இதுவரை மூன்று தடவை போய்வந்தேன். மயிலைக்குக் கால்நடை டாக்டர் வந்து பார்த்தார்; புண் ஆறி ஏர் பூட்டியாகிவிட்டது. மருத்துவக் கல்லூரிக் கடிதம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அண்ணனுக்குத் தெரியும்.

குரல் வந்ததும் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கை, நாற்காலி, தூதன், மூடிய தட்டு, சோப்புப் போட்டுக் கழுவியது, அதனால் காட்டம் கூட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். மதினி சாட்சி சொன்னாள். அவன் உம் கொட்டிக் கேட்டான். "புரியுதாண்ணே?" என்றேன். "நல்லாப் புரியுதுலே," என்றான். மறுநாள் கிணற்றுக் கயிறு, பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் அவன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

இப்போதெல்லாம் நான் தண்ணீர் கேட்டால் மதினி கொண்டுவந்தாலும் அவன் எங்கிருந்தாவது வந்து செம்பை வாங்கி, முதலில் தான் ஒரு மடக்குக் குடித்துப் பார்க்கிறான். நான் முன்பே பானையில் எதையாவது கலந்திருக்கக் கூடும் என்று நினைக்கிறான் போல. ருசி பார்ப்பது பாதுகாப்பு ஆகாது, அண்ணாந்து குடித்தால் ருசி தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும், முதலில் போகிறவன் நீயாகத்தான் இருப்பாய் என்று சண்டைகூடப் போட்டுவிட்டேன்.

"அதுக்குத்தானலே குடிக்கிறேன்," என்றான். அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் காத்து நின்றான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு செம்பை என்னிடம் நீட்டினான்.